எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது? இரண்டு துறைகளுக்கு நடுவே என் ஆறரை வருடம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான்கு வருடம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடிக்க ஆறரை வருடம் ஆனது. கூடுதலாகப் போன இரண்டரை வருடத்தில், விஷயம் கடினம் என்பதால் போனது நாலைந்து மாதம்தான் இருக்கும். மற்றதெல்லாம் துறைகளுக்கு நடுவில் நின்றதால் போனது. எனக்குக் கணினி அறிவியலில் பதிவு, நரம்பியல் மருத்துவத்தில் கோ-கைடு, மொழியியல் துறையில் கூட வேலை செய்ய ஒரு ஆய்வாளர். இந்தப் பாதையில் எனக்கு முன்னால் போன ஒருவரைக்கூட நான் அப்போது சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் அரை மணி நேரப் பேச்சில் ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தலைப்பு பார்க்கின்சன் நோயும் குரலும். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் விவரித்த இந்த நோய் கை நடுக்கத்துக்குப் பெயர்போனது. குரலும் அதில் மாறும். சத்தம் தணியும், ஏற்ற இறக்கம் குறையும், பேச்சில் மூச்சுக் காற்று கலந்து வரும். ஒருவரை ஒரே மூச்சில் ‘ஆ’ என்று நீட்டச் சொல்லிப் பதிவு செய்தால், குரல்நாண் ஒவ்வொரு முறை அதிர எடுக்கும் நேரம் எவ்வளவு தடுமாறுகிறது, சத்தத்தின் அளவு எவ்வளவு தடுமாறுகிறது என்றெல்லாம் கணக்கிடலாம். அந்த எண்களை வைத்து ஒரு மாடலுக்கு, அதாவது தரவைப் பார்த்துக் கற்கும் நிரலுக்கு, பயிற்சி கொடுத்து, நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்ல வைப்பதுதான் திட்டம். உலகம் முழுக்க மாணவர்கள் பழகிப் பார்க்கும் ஒரு பொதுத் தரவுத் தொகுப்பும் உண்டு. 31 பேருடைய 195 பதிவுகள். முதல் எட்டு மாதம் அதில்தான் ஓடியது. நல்ல எண்கள் வந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த 195-இல் முக்கால்வாசி நோயாளிகளுடைய பதிவுகள். கேட்காமலேயே எல்லோரையும் நோயாளி என்று சொன்னால்கூட 75 சதவீதம் சரியாக வந்துவிடும். அதை யாரும் சொல்லவில்லை, நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்து சொந்தமாகப் பதிவு செய்யத் தொடங்கினோம். எட்டு மாதத்தில் 24 நோயாளிகள், நோய் இல்லாத 18 பேர், ஆளுக்கு ஏழு பதிவு. மொத்தம் 294. பேச்சில் அது 300 ஆகிவிட்டது. மாடல் 96 சதவீதம் சரியாகச் சொன்னது. கோ-கைடான டாக்டரிடம் ஓடிப்போய், “300 சாம்பிள், 96 பர்சென்ட் வருது” என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார்.

சாம்பிள் என்ற அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது. ஒலியைக் கையாள்பவர்களுக்கு சாம்பிள் என்பது ஒரே ஒரு எண். நல்ல தரத்தில் பதிந்த ஒரு நொடிக் குரலில் 44,100 சாம்பிள் இருக்கும். இயந்திரக் கற்றலில் அட்டவணையின் ஒரு வரிசை ஒரு சாம்பிள். எனக்கு அது ஒரு பதிவு. மருத்துவத்தில் சாம்பிள் என்றால் ஆய்வில் சேர்ந்த ஆட்கள். சாம்பிள் சைஸ் 300 என்றால் 300 பேர். பொதுத் தரவையும் வேறு மையங்களின் தரவையும் நான் சேர்த்திருப்பேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஸ்லைடில் ‘300 பங்கேற்பாளர்கள்’ என்று போட்டுவிட்டார். அரங்கில் இரண்டாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, “ஒன்றரை வருஷத்துக்குள்ள 300 பேரை எப்படிச் சேர்த்தீங்க? எத்தனை மையம்?” என்று பணிவாகத்தான் கேட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். மைக்கை என்னிடம் நீட்டினார்கள். “42 பேர், ஒவ்வொருத்தருக்கும் ஏழு பதிவு” என்று சொன்னேன். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் ஸ்லைடை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்துக் கீழே இறங்கியதும், “நீ பொய் சொல்லல, எனக்குத் தெரியும். ஆனா என் பேர்ல பொய் வந்துடுச்சு” என்றார். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதைவிடப் பெரிய அடி இரண்டு நாள் கழித்து வந்தது. ஆள் எத்தனை என்று ஒருவர் கேட்ட பிறகுதான், என் சோதனையையே ஆள் கணக்கில் செய்திருக்க வேண்டும் என்று உறைத்தது. நான் 294 பதிவுகளைக் குலுக்கிப் போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்திருந்தேன். அதனால் ஒரே ஆளின் நாலு பதிவு பயிற்சியிலும் மூன்று பதிவு சோதனையிலும் விழுந்திருந்தன. மாடல் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. ஆள்வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். 96 இருந்த இடத்தில் 71 வந்தது. இது என் ஒருவருடைய தவறில்லை என்று பிறகு தெரிந்தது. உடலில் அணியும் கருவிகள், செல்பேசி இவற்றின் தரவை வைத்து நோய் கணிக்கும் ஆய்வுகளை அலசி 2017-இல் வந்த ஒரு கட்டுரை, ஏறக்குறைய பாதி ஆய்வுகள் இப்படித்தான் பதிவுவாரியாகப் பிரித்திருந்தன என்று காட்டியது. தகவல் கசிவு என்று இதற்குப் பெயரே இருக்கிறது. அது தெரிந்து ஆறுதல் கிடைத்ததே தவிர, போன மாதங்கள் போனதுதான்.

71-ஆவது நிற்கும் என்று நம்பினேன். ஒரு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்க உட்கார்ந்தேன். பதினெட்டு மாத ஆராய்ச்சியில் அதுவரை ஒரு தடவைகூட முழுக்கக் கேட்டதில்லை. எண்களை மட்டுமே பார்த்திருந்தேன். நோயாளி ‘ஆ’ என்று தொடங்குவதற்கு முன்னால் அரை நொடி அமைதி இருக்கும். அந்த அமைதிக்குள் மெல்லியதாக ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நோயாளி, அதே விசிறி. அதற்கடுத்தவரும் அதே. நோய் இல்லாதவர்களின் பதிவில் விசிறி இல்லை, ஏனென்றால் அவர்களை எங்கள் ஆய்வகத்தின் ஒலி அடைத்த அறையில் பதிந்திருந்தேன். நோயாளிகளை நடக்கவைக்க வேண்டாம் என்று மருத்துவமனை அறையிலேயே பதிந்தோம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். மாடல் விசிறியைக் கற்றுக்கொண்டது. முதல் அரை நொடியை வெட்டி, பின்னணிச் சத்தத்தைச் சமன்செய்து பார்த்தபோது 63-க்கு இறங்கியது. 42 பேரில் 24 பேர் நோயாளிகள். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் நோயாளி என்றாலே 57. ஒன்றரை வருட உழைப்பு அந்த ஆறு சதவீதத்தில் வந்து நின்றது. அன்றைக்கு விடியும்வரை நான் தூங்கவில்லை. அம்மாவிடம் போனில்கூடச் சொல்ல முடியவில்லை, எதைச் சொல்லி எப்படிப் புரியவைப்பது?

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். வேறு துறையோடு சேர்ந்து வேலை தொடங்குகிறீர்கள் என்றால், முதல் சந்திப்பிலேயே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உங்கள் அட்டவணையின் ஒரே ஒரு வரிசையை வரைந்து காட்டுங்கள். “இது ஒரு வரிசை. இது ஒரு ஆளா, ஒரு பதிவா, ஒரு நாளா? ஒரே ஆள் இன்னொரு வரிசையிலும் வருவாரா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அசட்டுக் கேள்வி மாதிரி தோன்றும். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம்; ஆபத்து இரண்டு பேரும் தெரியும் என்று நினைக்கிற சொல்லில்தான் இருக்கிறது. நாங்கள் பிறகு ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டோம். நோயாளிகளில் எத்தனை பேரை மாடல் சரியாகப் பிடித்தது என்பதை நான் ‘ரீகால்’ என்றால் டாக்டருக்கு அது ‘சென்சிட்டிவிட்டி’. நோய் என்று மாடல் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நோய் என்பதை நான் ‘பிரிசிஷன்’ என்பேன், அது அவருக்கு ‘பாசிட்டிவ் பிரடிக்டிவ் வேல்யூ’. நான் ‘கன்ட்ரோல்’ என்றால் நிரலைக் கட்டுப்படுத்துவது, அவருக்கு நோய் இல்லாத ஒப்பீட்டு ஆள். ‘மாடல்’ என்றால் எனக்கு நிரல், மருத்துவ ஆய்வகத்தில் அது எலியாகவும் இருக்கும். முப்பதுக்கு மேல் சொற்கள் சேர்ந்தன. இரண்டு பக்கத் தாள், எங்கள் திட்டத்திலேயே அதிகம் புரட்டப்பட்ட ஆவணம் அதுதான்.

மறுபடி பதிவு செய்வதென்று முடிவானது. அப்போதுதான் டாக்டர் சாதாரணமாக, “மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் பதிஞ்சே?” என்று கேட்டார். நான் விழித்தேன். பார்க்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு மருந்து வேலை செய்யும் நேரம் ஒன்று, அதன் வேகம் தேய்ந்த நேரம் ஒன்று. ஆன், ஆஃப் என்பார்கள். எந்த நேரத்தில் பரிசோதித்தோம் என்று குறிக்காமல் நரம்பியலில் யாரும் ஒரு மதிப்பெண்கூடப் போடமாட்டார்கள். அது அவருக்கு மூச்சு விடுவது போல, சொல்லித்தர வேண்டிய விஷயம் என்று தோன்றவேயில்லை. எனக்கோ கேட்க வேண்டும் என்றே தெரியாது. பழைய பதிவுகளில் ஒன்றில்கூட மருந்து நேரம் இல்லை. அவற்றை வைத்து இனி எதுவும் செய்ய முடியாது என்று அன்றைக்கே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த ஒரே வழி, போய்க் கூடவே உட்கார்வது. ஒரு மாதம், வாரத்தில் இரண்டு காலை, டாக்டரின் புறநோயாளிப் பிரிவில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் எதைக் கேட்கிறார், எதைக் குறிக்கிறார் என்று மட்டும் பார்த்தேன். கட்டுரைகளில் எழுதப்படாத பழக்கங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. உங்கள் கூட்டாளித் துறை வரலாறு என்றால் ஆவணக் காப்பகத்தில் போய் உட்காருங்கள், சூழலியல் என்றால் களத்துக்குப் போய் ஒரு வாரம் பை தூக்குங்கள். தரவு கையில் வந்த பிறகு போவதில் பாதிப் பயன்தான்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு ஐந்து மாதம் போனது. முதல் படிவத்தில் ‘பெயர் நீக்கப்பட்டுப் பயன்படுத்தப்படும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். கணினித் துறையில் எனக்கு அது போதும் என்று தோன்றியது. அறநெறிக் குழு கேட்ட கேள்வி நியாயமானது: பெயரை எடுத்தால் போதுமா, குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாமே? என் மாடலே அதைச் செய்து காட்டியிருந்தது. யார் யார் கேட்கலாம், எத்தனை வருடம் வைத்திருப்போம், வேறு துறைக்குக் கொடுப்போமா, வேறொரு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதினோம். இரண்டு துறைகள் என்றால் இரண்டு குழுக்களின் அனுமதி தேவைப்படலாம், ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கும். முதல் மாதமே போய் விசாரியுங்கள். முன்தேதியிட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

அந்தக் காத்திருப்பில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு புது அளவை உருவாக்கினேன். நோயாளிகளை ‘ப-ட-க, ப-ட-க’ என்று வேகமாகச் சொல்ல வைப்பது ஒரு வழக்கமான பரிசோதனை. ‘ப’ சொல்லும்போது உதடு திறந்து காற்று வெடிப்பதற்கும், குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதை மில்லிநொடியில் அளக்க நிரல் எழுதி, அதற்கொரு பெயரும் வைத்து, மூன்று மாதம் செதுக்கினேன். மொழியியல் துறையில் எனக்கு மூத்த ஆய்வாளர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், திரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இது விஓடி டா, வாய்ஸ் ஆன்செட் டைம். 1964-லேயே பேர் வெச்சிட்டாங்க. முதல் வருஷப் பாடம்” என்றார். லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற இருவர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையை அன்று மாலையே எடுத்துக் கொடுத்தார். என் அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. இப்படி எனக்கு முன்னும் நடந்திருக்கிறது. 1994-இல் ஒரு நீரிழிவு ஆய்விதழில், சர்க்கரை அளவின் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிடப் புது முறை என்று ஒரு கட்டுரை வந்தது. அது பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டும், நுண்கணித வகுப்பில் சொல்லித்தரும் சரிவக விதி. பிற துறைக்காரர்கள் படித்துவிட்டு இதழுக்கே கடிதம் எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேள்விப்படும்போது எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வராது. பக்கத்துத் துறையில் ஒரு விஷயத்துக்கு என்ன பெயர் என்று தெரியாமல் தேடினால், இருப்பதுகூட இல்லாததாகத்தான் தெரியும். எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றிய அன்றே, கட்டுரை தேடுவதற்கு முன்னால், அந்தத் துறையில் ஒருவரிடம் படம் வரைந்து காட்டி, “இதுக்கு உங்க ஊர்ல என்ன பேர்?” என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் சுற்றுப் பதிவுக்குப் பதினோரு மாதம். 78 பேர், ஆளுக்கு ஆறு பதிவு, எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே மைக், ஒத்த வயது, மாத்திரை நேரம் குறித்த தாள். அக்கா அந்தப் பதிவுகளில் ஒவ்வொரு அசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் குறித்தார். ஐந்தரை மாதம். மாலை ஆறு மணிக்குமேல் அவர் துறையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கோடு இழுத்து, மறுபடி கேட்டு, அரை மில்லிமீட்டர் நகர்த்தி வைப்பார். ஒரு ஆளுடைய பதிவுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். அந்தக் கோடுகள் இல்லாமல் என் மாடல் ஒன்றுமேயில்லை.

கட்டுரை எழுதியபோது அவர் பெயர் நடுவில் போனது. முதலில் என் பெயர், கடைசியில் யார் என்பதில் மட்டும் என் கைடுக்கும் டாக்டருக்கும் இரண்டு வாரம் மனத்தாங்கல். மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் குழுவை நடத்தியவர். நடுவில் உள்ளவர்களை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகரவரிசை; அங்கே முதலில் இருப்பதற்கு அர்த்தமே கிடையாது. அக்காவின் துறையில் தனியாக எழுதிய கட்டுரைக்குத்தான் மதிப்பு. அவருடைய பதவி உயர்வுக்கான குழு எங்கள் கட்டுரையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஐந்தரை மாத உழைப்பு அவர் பக்கத்தில் பூஜ்யமாக விழுந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. கேட்டிருக்க வேண்டியது நான். வேலை தொடங்கும் நாளில், “இதுல இருந்து உங்களுக்கு உங்க துறையில எது கணக்காகும்?” என்று ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால், குறியீட்டு முறையைப் பற்றி அவர் முதல் பெயராகத் தனிக் கட்டுரை எழுதுவதை அன்றே திட்டத்தில் சேர்த்திருப்போம். பிறகு சேர்த்தோம். வெளிவந்தபோது அவருடைய நேர்காணல் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

இதற்கு எங்களுக்கு உதவியது ஒரு பக்க ஒப்பந்தம். சட்டக் காகிதம் இல்லை, எல்லோருக்கும் மின்னஞ்சலில் போன ஒரு பக்கம்: எத்தனை கட்டுரை, எதில் யார் முதல் பெயர், தரவு யார் பொறுப்பு, யாராவது நடுவில் விலகினால் என்ன. யார் யார் ஆசிரியர் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பங்களிப்புகளை 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் ‘கிரெடிட்’ என்ற முறையும் பல இதழ்களில் இருக்கிறது. அதில் தரவைச் சீர்செய்து பராமரிப்பதற்கே தனி வகை உண்டு. பெயர் வரிசையால் சொல்ல முடியாததை அந்த வரியில் சொல்லலாம். பேசுவதற்குக் கூச்சமாக இருக்கும்தான். வேலை முடிந்த பிறகு பேசினால் கூச்சத்தோடு கசப்பும் சேரும்.

எங்கே வெளியிடுவது என்பதில் எட்டு மாதம் இழந்தேன். கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைதான் பெரிது. முழுக்கட்டுரையையும் நடுவர்கள் படித்து, பத்தில் இரண்டு மூன்றைத்தான் எடுப்பார்கள். மருத்துவத்தில் மாநாடு என்றால் ஒரு பத்திச் சுருக்கம், உண்மையான வெளியீடு ஜர்னலில்தான். நான் கைடு சொன்னபடி எல்லா முடிவுகளையும் மாநாட்டில் முழுக்கட்டுரையாகப் போட்டேன். டாக்டர் சொன்ன ஜர்னலுக்கு விரித்து எழுதி அனுப்பியபோது, ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிட்டார்கள். 1969-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழின் ஆசிரியர் இங்கெல்ஃபிங்கர் வகுத்த விதியின் வழிவந்த பழக்கம் அது: வேறெங்கும் வராததைத்தான் போடுவோம். மருத்துவர்கள் வேண்டுமென்று தடுக்கவில்லை, கணினிக்காரர்கள் தவறாகவும் செய்யவில்லை. ‘ஒரு வெளியீடு’ என்பதை இருவரும் வேறு வேறாக எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். மருத்துவத்துக்குப் போக வேண்டிய முடிவுகளை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டு, முறையைப் பற்றி மட்டும் மாநாட்டில் எழுதியிருக்க வேண்டும். ஜர்னலின் முன்வெளியீட்டு விதியை, எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நடுவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒருவர் அல்காரிதத்தில் புதுமை இல்லை என்பார், இன்னொருவர் முறையே புரியவில்லை என்பார், இரண்டும் ஒரே கட்டுரைக்கு. எனக்கு உதவியது ஒன்றுதான்: அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த வரியில் படிப்பதை நிறுத்தினார்கள் என்று கேட்பது.

48-ஆவது மாதம் உதவித்தொகை நின்றது. நான்கு வருடத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஏழு மாதத்தில் கரைந்தது. அதற்குப் பிறகு வாரத்தில் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டு ராத்திரியில் ஆய்வேடு எழுதினேன். நீட்டிப்புக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தேன். கணினிக் குழு இதை மருத்துவம் என்றது, மருத்துவக் குழு இதைக் கணினி என்றது. என் எழுத்தில்தான் குறை என்று வெகுநாள் என்னையே நொந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவின் ஆராய்ச்சிக் குழுமத்துக்கு ஐந்து வருடங்களில் வந்த விண்ணப்பங்களை அலசி 2016-இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். துறைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று அதில் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் என்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆகவே கணக்குப் போடும்போது உதவித்தொகைக் காலத்துக்கு மேல் ஒரு வருடத்துக்கு என்ன செய்வது என்பதை முதலிலேயே வீட்டில் பேசி வையுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வு எந்தத் துறையின் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை ஒன்றே ஒன்றாகத் தேர்ந்து எழுதுங்கள். மற்ற துறை அதற்குக் கருவி என்று சொன்னால் படிப்பவருக்குப் பிடி கிடைக்கிறது. இரண்டுக்கும் சமமாகப் பங்களிக்கிறேன் என்று நான் எழுதினேன், இரண்டு பேரும் என்னை மற்றவரிடம் அனுப்பினார்கள்.

தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினித் துறைக் கருத்தரங்கில் நான் மருத்துவத்துக்காரர், மருத்துவமனையில் கம்ப்யூட்டர் ஆள். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள், ஆய்வகத்தில் என் மேசையைச் சுற்றிப் புது முகங்கள். ஐந்தாவது வருடத்தில் விட்டுவிடலாம் என்று கடிதமே எழுதி வைத்திருந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது வியாழக்கிழமைகள். வேறு வேறு துறைகளின் எல்லையில் நின்ற நாலு ஆய்வாளர்கள், மண்ணியலும் சட்டமும், இசையும் இயற்பியலும் என்று, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒருவர் வேலை இன்னொருவருக்குப் புரியாது. ஆனால் “உங்க கைடும் இப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்கும்போது புரிந்தது. அப்படி ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களே போடுங்கள்.

ஆய்வேடு கொடுத்த பிறகும் எட்டு மாதம். தேர்வாளர் பட்டியலை கைடு தன் துறைக்குள்ளேயே கொடுத்திருந்தார். அதில் ஒருவர் நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, மருத்துவப் பகுதி தன் துறைக்கு வெளியே உள்ளது என்று திருப்பி அனுப்பினார். பட்டியல் போகும் முன் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பக்கமும் படிக்கக்கூடியவர் ஒருவராவது வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் யாருக்காக எழுதப்பட்டது, எந்தத் துறையின் அளவுகோலில் அதைப் பார்க்க வேண்டும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு நான் சேர்த்த ஒன்றரைப் பக்கம் அதுதான்.

வாய்மொழித் தேர்வுக்குப் புதிதாக வந்த தேர்வாளர் ஒரு நரம்பியல் மருத்துவர். முதல் ஸ்லைடு திரையில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சாம்பிள் எவ்வளவு?” என்றார். “78 பேர், டாக்டர். 40 நோயாளிகள், 38 ஒப்பீட்டு ஆட்கள். ஆளுக்கு ஆறு பதிவு, பிரித்தது ஆள்வாரியாக” என்றேன். பின்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மாடலின் எண் 74 சதவீதம்தான் என்று அடுத்த ஸ்லைடில் இருந்தது. தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டு, “மாத்திரைக்கு அப்புறம் எத்தனை நேரம்?” என்று கேட்டார். அதற்குரிய தாள் என் கையில் இருந்தது.